ஆற்றுக் குருடு நோயின் வரலாறு

ஆற்றுக் குருடு என்பது ஓர் உருளைப்புழுவால் மனிதருக்கு உண்டாகும் தோல் மற்றும் கண் நோய் ஆகும். மருத்துவத்தில் இது ஓங்கோசெர்சியாசிஸ் எனப்படுகிறது. இதற்குக் காரணமான புழு ஓங்கோசெர்க்கா வால்வுலஸ். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவுக்கு இது உறவானது. யானைக்கால் புழு கொசுவால் பரவுகிறது. இப்புழு சிமுலியம் என்னும் சிறிய கருப்பு ஈயால் பரவுகிறது. நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே வாழ்கின்றனர். ஏமனிலும், பிரேசில்–வெனிசுவேலா எல்லைக் காடுகளிலும் இந்நோய் சிறிதளவு உள்ளது. இந்தியாவிலும் இலங்கையிலும் இல்லை.

நடுவயதைத் தாண்டிய ஆண்களில் பாதிப்பேர் பார்வை இழந்த ஊர்கள் ஒருகாலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்தன. அங்கே வளமான ஆற்றுப் பள்ளத்தாக்குகளை மக்கள் கைவிட்டு ஓடினர். இந்நோயின் காரணத்தைக் கண்டறிய ஐம்பது ஆண்டுகளும், தக்க மருந்து கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகளும் ஆயின.

பெயர்

கருப்பு ஈ ஓடும் நீரில்தான் முட்டையிடும். பாறைகளில் மோதி நுரைத்து ஓடும் ஆற்று நீரில் உயிர்வளி மிகுதி. அதன் இளம்பருவப் புழுக்கள் நீரடிப் பாறைகளிலும் செடிகளிலும் ஒட்டிக்கொண்டு, நீர் கொண்டுவரும் நுண்ணிய உணவை வடித்து உண்கின்றன. தேங்கிய நீரில் அவை பிழைப்பதில்லை. ஆகவே ஆற்றுக்கு அருகில் வாழ்வோரே மிகுதியாகக் கடிபட்டனர். அவர்களே மிகுதியாகப் பார்வை இழந்தனர். 'ஆற்றுக் குருடு' என்ற பொருள் தரும் ஆங்கிலப் பெயரை உருவாக்கியவர் ஜீன் வில்சன். அவரைப் பற்றிப் பின்னர் காண்க.

நோய் உண்டாகும் விதம்

நோயாளி ஒருவரைக் கடிக்கும் பெண் ஈ, அவர் தோலிலுள்ள நுண்புழுக்களையும் சேர்த்து உறிஞ்சுகிறது. அவை ஈயின் உடலில் வளர்ந்து, அது அடுத்தவரைக் கடிக்கும்போது அவர் உடலுக்குள் புகுகின்றன. அங்கே ஓராண்டு அளவில் முதிர்ந்து, தோலுக்கடியில் முடிச்சு போன்ற கட்டிகளுக்குள் சுருண்டு வாழ்கின்றன. முதிர்ந்த பெண்புழு அரை மீட்டர் வரை நீளும். ஆண்புழு சில சென்டிமீட்டரே இருக்கும். பெண்புழு பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் நுண்புழுக்களை ஈனும்.

தொல்லை தருபவை முதிர்ந்த புழுக்கள் அல்ல, இந்த நுண்புழுக்களே. இவற்றின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இவை தோல் முழுவதும் பரவி, கண்ணுக்குள்ளும் செல்கின்றன. உயிரோடிருக்கும்போது பெரிய கேடு செய்வதில்லை. இறக்கும்போது உடலின் எதிர்ப்பாற்றல் அவற்றைத் தாக்குகிறது. அங்கே அழற்சி உண்டாகிறது. இப்புழுக்களுக்குள் ஓல்பாக்கியா என்னும் பாக்டீரியா வாழ்கிறது. புழு இறந்ததும் அது வெளிப்படுவது அழற்சியை மிகைப்படுத்துகிறது என்பது பிற்கால ஆய்வுகளில் தெரியவந்தது.

தோலில் ஏற்படும் அழற்சியால் இரவும் பகலும் தாங்கமுடியாத அரிப்பு உண்டாகும். நாளடைவில் தோல் தடித்துச் சுருங்கும். முழங்காலுக்குக் கீழே நிறம் இழந்து புள்ளிபுள்ளியாகத் தோன்றும். இதைச் 'சிறுத்தைத் தோல்' என்பர். கண்ணின் முன்புறத்து ஒளிபுகு படலமாகிய கார்னியாவில் ஆண்டுக்கணக்கில் புழுக்கள் இறந்துகொண்டே இருந்தால் அப்படலம் வெண்மையாகி ஒளியை மறைத்துவிடும். விழித்திரையும் பார்வை நரம்பும் கெடுவதும் உண்டு. ஒரு கடியாலோ நூறு கடியாலோ பார்வை போவதில்லை. பல ஆண்டுகள் ஈக்கடிக்கு ஆளாகிப் புழுக்கள் பெருகிய பின்னரே பார்வை மங்குகிறது. இதனால்தான் குழந்தைகளைவிட முப்பது, நாற்பது வயதினரே பார்வை இழந்தனர். உழைத்துக் குடும்பத்தைக் காக்கும் வயது அது.

தொடக்கக் கண்டுபிடிப்புகள்

இப்புழுவின் நுண்வடிவத்தை முதலில் கண்டவர் அயர்லாந்தைச் சேர்ந்த கடற்படை மருத்துவர் ஜான் ஓ'நீல். இன்றைய கானாவாகிய கோல்டு கோஸ்டில், 'கிராகிரா' என்று அழைக்கப்பட்ட கடும் அரிப்பு நோயுடையவர்களின் தோலைச் சிறிதளவு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். நெளியும் புழுக்கள் தெரிந்தன. 1875இல் லான்செட் இதழில் இதை எழுதினார். அதே கோல்டு கோஸ்டிலிருந்து ஜெர்மானிய மருத்துவ ஊழியர் ஒருவர் அனுப்பிய கட்டிகளில் முதிர்ந்த புழுக்கள் இருந்தன. அவற்றை விலங்கியலாளர் ருடால்ஃப் லாய்க்கார்ட் ஆராய்ந்தார்; அச்செய்தி 1893இல் வெளியாயிற்று. ஓங்கோசெர்க்கா என்னும் பேரினத்தில் இப்புழு 1910இல் சேர்க்கப்பட்டது.

ஆயினும் இவர்களில் எவரும் இதைக் கண்ணோடு தொடர்புபடுத்தவில்லை. தோல் அரிப்பும் கட்டியும் தரும் தீங்கற்ற புழு என்றே பல ஆண்டுகள் கருதப்பட்டது.

குவாத்தமாலாவில் ரோடால்ஃபோ ராப்லெஸ்

கண்ணுக்கும் புழுவுக்கும் உள்ள தொடர்பு ஆப்பிரிக்காவில் அல்லாமல் நடு அமெரிக்காவில் வெளிப்பட்டது. குவாத்தமாலா நாட்டு மருத்துவர் ரோடால்ஃபோ ராப்லெஸ் 1915இல் ஒரு சிறுவனின் தலையிலிருந்த கட்டியை அகற்றினார். அதற்குள் சுருண்ட புழுக்கள் இருந்தன. எரிமலைச் சரிவுகளிலுள்ள காப்பித் தோட்டங்களில் வேலை செய்வோரை அவர் தொடர்ந்து ஆராய்ந்தார். தலையில் கட்டி உள்ளவர்களுக்குக் கண் கூசுவதும் பார்வை குறைவதும் மிகுதியாக இருந்தன. கட்டியை அகற்றிய பின் பலருக்குக் கண் தொல்லை தணிந்தது.

ஒரு குறிப்பிட்ட உயரத்தில் உள்ள தோட்டங்களில் மட்டும் நோய் இருப்பதையும் ராப்லெஸ் கவனித்தார். அந்த உயரத்தில் ஓடைகளை ஒட்டி வாழும் கடிக்கும் ஈக்களே நோயைப் பரப்புகின்றன என்று கருதினார். அந்நாட்டில் இந்நோய்க்கு 'ராப்லெஸ் நோய்' என்றே பெயர் ஏற்பட்டது. பின்னர் குவாத்தமாலா அரசு ஊர் ஊராகச் சென்று கட்டிகளை அகற்றும் குழுக்களை அமைத்தது. பல பத்தாண்டுகளுக்கு அதுவே அங்கு முதன்மையான தடுப்பு முறையாக இருந்தது.

இப்புழு அமெரிக்கக் கண்டத்துக்கு எப்படிச் சென்றது என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட மக்களின் உடலில் அது கடல் கடந்தது என்பது ஆய்வாளர்களின் கருத்து. அமெரிக்கப் புழுக்களின் மரபணுக்கள் மேற்கு ஆப்பிரிக்கப் புழுக்களின் மரபணுக்களோடு நெருங்கியிருப்பது இக்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது.

ஈயின் பங்கு உறுதியாதல்

ராப்லெஸ் ஐயுற்றதை ஆய்வின் மூலம் உறுதிசெய்தவர் டொனால்டு பிளாக்லாக். லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி சியரா லியோனின் ஃபிரீடவுனில் நடத்திய ஆய்வுக்கூடத்தில் அவர் பணியாற்றினார். நோயாளிகளைக் கடித்த கருப்பு ஈக்களைப் பிடித்து அறுத்துப் பார்த்து, அவற்றின் உடலில் புழு படிப்படியாக வளர்ந்து வாய்ப்பகுதியை அடைவதை 1926இல் காட்டினார். சிமுலியம் டாம்னோசம் என்னும் ஈயே இந்நோயைப் பரப்புகிறது என்பது உறுதியாயிற்று. ஓ'நீல் புழுவைக் கண்டு அப்போது 51 ஆண்டுகள் கடந்திருந்தன.

காங்கோவும் கோல்டு கோஸ்டும்

ஆப்பிரிக்காவில் இப்புழு பார்வையைக் கெடுப்பதை விளக்கியவர் பெல்ஜிய மருத்துவர் ஜீன் இசெட். பெல்ஜியக் காங்கோவின் சாங்குரு ஆற்றங்கரை ஊர்களில் பார்வையற்றோர் மிகுந்திருப்பதைக் கண்டு ஆராய்ந்து 1932இல் வெளியிட்டார். எளிதில் பலர் நம்பவில்லை. 1934இல் ரிச்சர்டு ஸ்ட்ராங் தலைமையில் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று காங்கோவுக்குச் சென்று, அவர் கூறியது சரியே என்று கண்டது.

இரண்டாம் உலகப்போரின்போது கோல்டு கோஸ்டில் இராணுவ மருத்துவராக இருந்த ஹெரால்டு ரிட்லி, வடபகுதியிலுள்ள ஃபுன்சி என்னும் ஊரில் நோயாளிகளின் கண்களை ஆராய்ந்தார். விழித்திரையில் ஏற்படும் மாற்றங்களை விளக்கி 1945இல் எழுதினார். அந்த மாற்றத்துக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. கண்புரை நீக்கிய பின் கண்ணுக்குள் செயற்கை வில்லை பொருத்தும் முறையை 1949இல் இலண்டனில் தொடங்கியவரும் இவரே.

ஜான் வில்சன் ஓர் ஆங்கிலேயர். பன்னிரண்டாம் வயதில் பள்ளி வேதியியல் வகுப்பில் நேர்ந்த வெடிவிபத்தில் பார்வை இழந்தவர். காலனி நாடுகளின் பார்வையற்றோருக்காக 1950இல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். இன்று அது சைட்சேவர்ஸ் எனப்படுகிறது. அவரும் மனைவி ஜீன் வில்சனும் வட கோல்டு கோஸ்டிலுள்ள நாக்காங் என்னும் ஊருக்குச் சென்றனர். ஊரில் பார்வையற்றோர் நிறைந்திருந்தனர். நோயின் நீண்ட மருத்துவப் பெயரைச் சொல்லி நிதி திரட்ட இயலாது என்று எண்ணிய ஜீன், அனைவருக்கும் புரியும்படி 'ஆற்றுக் குருடு' என்று பெயரிட்டார். அப்பெயரே நிலைத்தது. வில்சனின் சங்கம் பின்னாளில் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி நடத்திய கண் முகாம்களுக்கும் துணைநின்றது.

கைவிடப்பட்ட ஆற்றங்கரைகள்

மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளி நாடுகளில் மழை குறைவு. அங்கே ஆற்றங்கரை நிலமே நல்ல நிலம். அந்த நிலத்தில்தான் ஈயும் இருந்தது. பயிரிட வந்த குடும்பங்கள் சில ஆண்டுகள் நன்றாக வாழ்ந்தன. பின் உழைப்பவர் ஒவ்வொருவராகப் பார்வை இழக்க, எஞ்சியவர்களால் நிலத்தைக் காக்க முடியவில்லை. ஊரில் ஆட்கள் குறையக் குறைய, எஞ்சியிருந்த ஒவ்வொருவரையும் கடிக்கும் ஈக்கள் கூடின. முடிவில் ஊரையே விட்டு மேட்டுநிலத்துக்குச் சென்றனர். அங்கோ மண் வறண்டது. மக்கள் நெருக்கத்தால் மேலும் கெட்டது. 1970களில் இந்நோயால் ஏற்பட்ட பொருளிழப்பு ஆண்டுக்கு 3 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது.

பார்வை இழந்தவரின் வாழ்வு கடினமானது. ஒரு கோலின் ஒரு முனையை அவரும் மறுமுனையை ஒரு சிறுவனும் பிடித்துக்கொண்டு நடப்பது அவ்வூர்களில் அன்றாடக் காட்சி. வழிகாட்டும் பிள்ளை பள்ளிக்குச் செல்ல இயலாது. அப்பிள்ளையும் அதே ஈக்களிடம் கடிபட்டே வளர்ந்தான். பார்வை இழந்தோர் பார்வையுள்ளோரைவிட முன்னதாகவே இறந்தனர் என்பதையும் ஆய்வுகள் காட்டின. முதுமையில் பார்வை மங்குவது இயல்பு என்றே எண்ணிய ஊர்களும் இருந்தன. வேறுவிதமாக முதுமை அடைந்தவரை அவ்வூரார் கண்டதில்லை.

முதல் மருந்துகளின் குறைகள்

தமிழ்நாட்டில் யானைக்கால் நோய்க்கு ஊர்தோறும் கொடுக்கப்பட்ட டி.இ.சி. மாத்திரையைப் பலரும் அறிவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகத சுப்பாராவின் தலைமையில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் உருவாகி, 1947இல் வெளிவந்த மருந்து அது. யானைக்கால் நோய்க்கு அது பெரும் பயன் தந்தது. அதே மருந்தை ஆற்றுக் குருடு நோயாளிக்குக் கொடுத்தபோது தோலிலும் கண்ணிலும் இருந்த நுண்புழுக்கள் ஒரே நேரத்தில் இறந்தன. கடும் அரிப்பும் காய்ச்சலும் உண்டாயின. எஞ்சிய பார்வையும் கெடுவதுண்டு. இவ்விளைவு, அதை 1948இல் விளக்கிய மெக்சிகோ மருத்துவர் மசோட்டியின் பெயரால் அறியப்படுகிறது.

சுராமின் என்னும் மற்றொரு மருந்து முதிர்ந்த புழுவைக் கொன்றது. ஆனால் அதை வாரந்தோறும் இரத்தக்குழாயில் ஊசியாகச் செலுத்த வேண்டும்; சிறுநீரகத்தையும் அது கெடுத்தது. மருத்துவமனை இல்லாத ஊர்களில் இவ்விரண்டையும் எல்லோருக்கும் கொடுக்க வழியில்லை. ஆகவே நாற்பது ஆண்டுகளுக்கு முயற்சி முழுவதும் ஈயின் மீதே திரும்பியது.

ஈ ஒழிப்பின் தொடக்கம்

கென்யாவின் மேற்குப் பகுதியில் கோடேரா பள்ளத்தாக்கில், 1946 முதல் மெக்மேகன் என்பவர் ஆறுகளில் டி.டி.டி. கலந்து ஈயை ஒழித்தார். அங்கிருந்த ஈ சிமுலியம் நீவி என்னும் வேறு இனம். அதன் இளம்புழுக்கள் பாறைகளில் காணப்படவில்லை. எங்கே வளர்கின்றன என்பது எவருக்கும் தெரியாமலே ஒழிப்பு நடந்தது. அவை ஆற்று நண்டுகளின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன என்பது 1950இல்தான் தெரியவந்தது. 1950களின் நடுவில் கென்யாவில் இந்நோய் பரவுவது நின்றது.

ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவின் ஈ அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. ஓர் ஆற்றில் ஒழித்தாலும் காற்றின் போக்கில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வேறு ஆற்றிலிருந்து வந்து சேர்ந்தது. ஒரு நாடு தனித்துச் செய்யும் வேலை பயன்தராது என்பது தெளிவாயிற்று. 1968இல் துனிஸ் நகரில் கூடிய வல்லுநர்கள், பல நாடுகள் சேர்ந்து பெரும் பரப்பில் ஒரே நேரத்தில் செய்தால்தான் முடியும் என்று கூறினர்.

மேற்கு ஆப்பிரிக்கக் கட்டுப்பாட்டுத் திட்டம் (1974–2002)

உலக வங்கியின் தலைவர் ராபர்ட் மெக்னமாரா 1972இல் மேல் வோல்ட்டாவுக்கு (இன்றைய புர்க்கினா பாசோ) சென்றபோது இந்நோயின் விளைவை நேரில் கண்டார். உலக வங்கி, உலக சுகாதார நிறுவனம், ஐ.நா. வளர்ச்சித் திட்டம், உணவு வேளாண்மை நிறுவனம் ஆகிய நான்கும் இணைந்து 1974இல் திட்டத்தைத் தொடங்கின. உவாகடூகு நகரம் தலைமையிடம் ஆயிற்று. முதலில் ஏழு நாடுகள், பின்னர் பதினொரு நாடுகள் இதில் சேர்ந்தன.

முறை எளிது, செய்வது கடினம். முதிர்ந்த புழு மனித உடலில் பதினான்கு ஆண்டுகள் வரை வாழும். அது இயற்கையாக இறக்கும்வரை புதிய புழு எவர் உடலிலும் சேராமல் காக்க வேண்டும். அதற்கு அவ்வளவு ஆண்டுகளும் ஆறுகளில் ஈ வளராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈயின் இளம்பருவம் ஒரு வார அளவே என்பதால் வாரம் தவறாமல் மருந்து இட வேண்டும். உலங்கூர்திகளும் சிறு விமானங்களும் ஆறுகளின் மேலே பறந்து, நீர் நுரைத்து ஓடும் இடங்களைத் தேடித் தேடி மருந்தைக் கொட்டின. பணி உச்சத்தில் இருந்தபோது ஏறத்தாழ 50,000 கிலோமீட்டர் நீள ஆறுகள் இதில் அடங்கின. தொடக்கத்தில் பயன்பட்ட மருந்து டெமிஃபாஸ். தமிழ்நாட்டில் நீர்த்தொட்டிகளில் கொசுப்புழுவை அழிக்க ஊற்றப்படும் 'அபேட்' இதுவே.

1980இல் ஐவரி கோஸ்டின் ஆறுகளில் சில ஈக்கள் இம்மருந்துக்கு அடங்காமல் போயின. பாக்டீரியாவிலிருந்து பெறப்படும் பி.டி.ஐ. உட்படப் பல மருந்துகளை ஆற்றின் நீரளவுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாற்றி மாற்றி இட்டுச் சமாளித்தனர். காம்பியா நாட்டு மருத்துவர் எப்ராகிம் சம்பா 1980 முதல் 1994 வரை திட்டத்துக்குத் தலைமை தாங்கினார்.

திட்டம் 2002 இறுதியில் முடிந்தது. 4 கோடி மக்கள் நோய்த்தொற்றிலிருந்து விடுபட்டனர், 6 லட்சம் பேரின் பார்வை காக்கப்பட்டது, 1.8 கோடிக் குழந்தைகள் நோய் அச்சமின்றிப் பிறந்தனர், 2.5 கோடி எக்டேர் நிலம் மீண்டும் பயிரிடத் தக்கதாயிற்று என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. காக்கப்பட்ட ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகவே செலவாயிற்று. விடுபட்ட நிலங்களில் குடியேற்றம் சிக்கலின்றி நடக்கவில்லை. புதிதாக வந்த உழவர்களுக்கும், அங்கே மாடு மேய்த்து வந்தவர்களுக்கும் நிலத் தகராறுகள் எழுந்தன.

ஜப்பான் மண்ணிலிருந்து ஒரு மருந்து

ஜப்பானின் கிட்டசாட்டோ நிறுவனத்தைச் சேர்ந்த சதோஷி ஓமுரா மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிலிருந்து மருந்துப் பொருள்களைத் தேடியவர். ஷிசுவோகா மாவட்டத்தில் கவானா என்னும் இடத்திலுள்ள குழிப்பந்தாட்டத் திடலின் அருகே எடுத்த மண்ணில் ஒரு புதிய ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிர் கிடைத்தது. 1974இல் அது அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கே அயர்லாந்தில் பிறந்த வில்லியம் கேம்ப்பெல்லின் குழு, எலிகளின் குடற்புழுக்களை அது அழிப்பதைக் கண்டது. அதிலிருந்து உருவாக்கப்பட்ட இவர்மெக்டின் 1981இல் கால்நடை மருந்தாக விற்பனைக்கு வந்து பெரும் வருவாய் ஈட்டியது.

குதிரையின் தோலில் வாழும் ஓர் ஓங்கோசெர்க்கா நுண்புழுவையும் இது அழித்தது. அவ்வாறெனில் மனிதரின் ஆற்றுக் குருடு நோய்க்கும் பயன்படலாம் என்று கேம்ப்பெல் கூறினார். அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர் மெர்க்கில் பணியாற்றிய வங்கதேச மருத்துவர் முகமது அஜீஸ். 1981இல் செனகலின் டக்கார் நகரில் முதல் சோதனை நடந்தது. ஒரு சிறிய அளவு மருந்தே தோலிலிருந்த நுண்புழுக்களை அகற்றியது. டி.இ.சி. உண்டாக்கிய கடும் விளைவுகள் இதில் இல்லை. இவர்மெக்டின் முதிர்ந்த புழுவைக் கொல்வதில்லை. ஆனால் பெண்புழு பல மாதங்களுக்கு நுண்புழுக்களை வெளியிடாமல் தடுக்கிறது. எனவே ஆண்டுக்கு ஒருமுறை உட்கொண்டால் போதும்.

1987 – இலவச அறிவிப்பு

மருந்து கிடைத்தது, வாங்குவதற்கு எவரும் இல்லை. தேவைப்பட்டோர் உலகிலேயே மிக ஏழை மக்கள். அவர்களின் அரசுகளிடமும் பணம் இல்லை. விலை கொடுத்து வாங்கி வழங்கும்படி மெர்க் நிறுவனம் பிற அமைப்புகளை அணுகியும் பயன் இல்லை. 1987 அக்டோபர் 21 அன்று நிறுவனத் தலைவர் ராய் வேஜலோஸ், இம்மருந்து தேவைப்படும் அளவுக்கு, தேவைப்படும் காலம் வரை இலவசமாக வழங்கப்படும் என்று அறிவித்தார். மனிதர்க்கான வடிவத்துக்கு மெக்டிசான் என்று பெயர். பங்கீட்டை மேற்பார்வையிட்ட வல்லுநர் குழுவுக்கு, பெரியம்மை ஒழிப்பில் இந்தியாவில் பணியாற்றிய வில்லியம் ஃபோகி தலைமை ஏற்றார். முகமது அஜீஸ் அதே ஆண்டில் காலமானார்.

ஊரார் கையில் மருந்து

தொடக்கத்தில் நடமாடும் மருத்துவக் குழுக்கள் மருந்தைக் கொடுத்தன. செலவு மிகுந்தது, தொலைவிலுள்ள ஊர்கள் விடுபட்டன. இதற்கிடையில் நைஜீரியாவின் உச்சே அமாசிகோ, இந்நோய் தரும் தோல் அரிப்பும் உருமாற்றமும் பெண்களை எவ்வாறு ஒதுக்கிவைக்கின்றன என்பதை ஆராய்ந்தார். பார்வையிழப்பு குறைவாக உள்ள காட்டுப் பகுதிகளிலும் இந்நோய் வாழ்வைக் கெடுக்கிறது என்பது தெளிவாகி, அங்கும் மருந்து செல்ல வழி பிறந்தது.

1995இல் தொடங்கிய ஆப்பிரிக்கத் திட்டம் புதிய முறையைக் கைக்கொண்டது. மருந்து கொடுப்பவரை ஊராரே தேர்ந்தெடுத்தனர். எந்த மாதத்தில், எவ்விடத்தில் கொடுப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்தனர். எடை பார்க்கும் கருவிக்குப் பதிலாகக் கோடுகள் இட்ட அளவுகோல் பயன்பட்டது. அதன் அருகில் ஒருவரை நிற்கவைத்து, உயரத்துக்கேற்ப ஒன்று முதல் நான்கு மாத்திரைகள் கொடுப்பர். 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் கொடுப்பதில்லை. பெயர்களை ஊர்க் குறிப்பேட்டில் எழுதிவைத்தனர். சில நாள் பயிற்சி பெற்ற உழவர்களும் இல்லத்தரசிகளும் இப்பணியைச் செய்தனர்.

அமெரிக்க நாடுகளில் வெற்றி

ராப்லெஸின் குவாத்தமாலா உள்ளிட்ட ஆறு அமெரிக்க நாடுகளில் நோய் பதின்மூன்று இடங்களில் மட்டுமே இருந்தது. 1992 முதல் ஆண்டுக்கு இருமுறை, சில இடங்களில் நான்குமுறை மருந்து கொடுத்தனர். 2013இல் கொலம்பியா, நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனத்தால் உறுதிசெய்யப்பட்ட முதல் நாடாயிற்று. 2014இல் ஈக்வடார், 2015இல் மெக்சிகோ, 2016இல் குவாத்தமாலா தொடர்ந்தன. எஞ்சியிருப்பது பிரேசில்–வெனிசுவேலா எல்லையில் யனோமாமி பழங்குடியினர் வாழும் காடு. அவர்கள் இடம்விட்டு இடம் பெயர்ந்து வாழ்வதாலும், சாலை இல்லாததாலும் பணி மெதுவாகவே நடக்கிறது.

எஞ்சிய இடர்கள்

நடு ஆப்பிரிக்காவில் லோவா லோவா என்னும் மற்றொரு புழு உள்ளது. இதுவும் சிலவேளை கண்ணின் வெண்பகுதியில் ஊர்ந்து செல்வதைக் காணலாம். ஆனால் பார்வையைப் பறிப்பதில்லை. இப்புழு மிகுதியாக உள்ளவர் இவர்மெக்டின் உட்கொண்டால் மூளை பாதிக்கப்பட்டு உயிரும் போகலாம். 1990களில் கேமரூனில் இத்தகைய இறப்புகள் நேர்ந்தபின் மக்கள் மருந்தைக் கண்டு அஞ்சினர். கைப்பேசியோடு இணைந்த சிறு கருவியால் ஒரு துளி இரத்தத்தைப் பார்த்து, புழு மிகுந்தவரை மட்டும் விலக்கிப் பிறருக்குக் கொடுக்கும் முறை பின்னர் வந்தது.

ஓல்பாக்கியாவை அழிக்கும் டாக்சிசைக்ளின், முதிர்ந்த பெண்புழுவை மலடாக்கி மெல்லக் கொல்கிறது. ஆனால் அதைப் பல வாரங்கள் நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். நுண்புழுக்களை நீண்டகாலம் அடக்கும் மாக்சிடெக்டின் 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இன்றைய நிலை

2015ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் ஒரு பாதி ஓமுராவுக்கும் கேம்ப்பெல்லுக்கும் வழங்கப்பட்டது. யானைக்கால் நோய் ஒழிப்பிலும் இப்போது இவர்மெக்டின் சேர்க்கப்படுவதால் இந்தியாவுக்கும் அம்மருந்து பயன்படுகிறது. கோல் பிடித்து வழிகாட்டும் சிறுவனும் அவனைப் பின்தொடரும் பார்வையற்ற முதியவரும் வெண்கலச் சிலையாக வாஷிங்டனில் உலக வங்கி வளாகத்திலும், ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவன வளாகத்திலும் நிற்கின்றனர்.

2025 ஜனவரியில் நைஜர், இந்நோய் ஒழிந்ததாக உறுதிசெய்யப்பட்ட முதல் ஆப்பிரிக்க நாடாயிற்று. அங்கே 1976 முதல் 1989 வரை ஆறுகளில் இட்ட மருந்தும், பின்னர் யானைக்கால் ஒழிப்புக்காகக் கொடுத்த இவர்மெக்டினும் சேர்ந்து இதைச் செய்தன. 2030க்குள் பன்னிரண்டு நாடுகளில் பரவலை முற்றிலும் நிறுத்துவது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு.

ஆயினும் 2017ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி 2.09 கோடி மக்கள் உடலில் இப்புழு இருந்தது. அவர்களில் 1.46 கோடிப் பேருக்குத் தோல் நோயும், 11.5 லட்சம் பேருக்குப் பார்வையிழப்பும் இருந்தன. வெண்மையாகிவிட்ட கார்னியாவையும் கெட்டுப்போன பார்வை நரம்பையும் எந்த மாத்திரையும் மீட்பதில்லை. மருந்து தோன்றுவதற்கு முன் பார்வை இழந்தோருக்கு அது காலம் கடந்தே வந்தது. பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் இடைவிடாமல் ஊர் முழுவதும் மருந்து உட்கொண்டால்தான் பரவல் நிற்கும். போரும் இடப்பெயர்வும் உள்ள பகுதிகளில் ஓராண்டு தவறினாலும் நுண்புழுக்கள் மீண்டும் பெருகுகின்றன. அங்கு வளரும் பிள்ளைகளின் பார்வை, ஆண்டுதோறும் அளவுகோலுடன் வரும் அந்த ஊர்ப் பணியாளரை நம்பியே இருக்கிறது.